முப்பது படி என்றாலும் புத்தகம் போட்டுத் தருகிறார்கள்: சுங்கை சிப்புட் அச்சகம் ஒன்றைப் பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் கல்யாணப் பத்திரிகையும் கருமக்கிரியை அழைப்பும் ரசீதுப் புத்தகமும் அச்சடித்து வரும் ஒரு சிறிய அச்சகம், சில ஆண்டுகளாக உள்ளூர்க்காரர்களின் கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்து, பக்கம் கட்டி, நூலாக்கித் தரும் வேலையையும் ஏற்றுச் செய்கிறது. ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையைப் பற்றி நான் எழுதிய சிறு நூலை அண்மையில் அங்கேதான் அச்சிட்டேன். வேலையில் குறைகள் உண்டு. அவற்றைப் பின்னர் சொல்கிறேன். ஆனால் மற்ற இடங்களில் முந்நூறு படிக்குக் குறைந்து பேச்சே எடுக்க மாட்டார்கள் என்னும் நிலையில், முப்பது படி போதும் என்று இவர்கள் தரும் இந்த ஒரு வசதி, இவ்வட்டாரத்தில் யார் எதைப் பற்றி எழுதுகிறார்கள் என்பதையே மாற்றி வருகிறது என்பது என் கணிப்பு. இந்த மதிப்புரையை எழுதத் தோன்றியதும் அதனால்தான். பெயரைப் போட்டால் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆட்கள் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள், இருக்கிற இரண்டு பேரால் சமாளிக்க முடியாது என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். நகரத்தில் இறங்கி, புத்தகம் போடுகிற கடை எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

கடையில் கணவர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். தட்டச்சும் பக்க அமைப்பும் மனைவியின் பொறுப்பு. வருகிறவர்கள் எல்லாரும், அவரைவிட மூத்தவர்கள்கூட, அவரை அக்கா என்றே அழைக்கிறார்கள். முன்புறம் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. இதுவரை அங்கே அச்சான நூல்களில் ஒவ்வொரு படி அதில் அடுக்கப்பட்டிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் எடுத்துப் படிக்கலாம், இரவல் கிடையாது. எழுத நினைப்பவர் எவரும் முதலில் அந்த அலமாரியைத்தான் பார்க்க வேண்டும்.

மேல் தட்டுகளில் இருப்பவை பெரிய எண்ணிக்கையில் அச்சான பழைய நூல்கள். கோயில் கும்பாபிஷேக மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா மலர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களின் தன்வரலாறுகள், மறைந்த தந்தையாருக்குப் பிள்ளைகள் போட்ட நினைவு மலர்கள், மரபுக்கவிதைத் தொகுப்புகள் என்று அவை நீள்கின்றன. பள்ளி மலர்கள் பலவற்றில் முதல் கட்டுரை ஏறத்தாழ ஒன்றுதான்: பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததையும், அதன்பின் தோட்டந்தோறும் அத்தாப்பு ஓலைக் கூரையின்கீழ் ஒற்றை வாத்தியாரோடு பள்ளிகள் எழுந்ததையும் அது சொல்லும். அடுத்த கட்டுரை துன் வீ.தி. சம்பந்தனைப் பற்றியதாக இருக்கும். அவர் இந்த ஊர்க்காரர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாக (வெள்ளி என்பது இந்நாட்டு நாணயம்) பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவர். ஆகவே அந்தக் கட்டுரை இடம்பெறுவதில் வியப்பில்லை.

வியப்பு வேறொன்றில் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று இவ்வூர்த் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் நாட்டு வரலாற்றுப் பாடநூல்களில் சுங்கை சிப்புட் என்ற பெயர் இடம்பெறக் காரணமான செய்தி. மேல் தட்டு மலர்கள் அதை ஒரு பத்தியில் குறிப்பிடுகின்றன. ஆனால் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டதும், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்ததும், ரப்பர் மரம் வெட்டும் இடமான வெட்டுக்காட்டுக்குப் போகிறவர்களைப் படலில் நிறுத்திச் சோறு எடுத்துச் செல்கிறார்களா என்று துழாவியதும் அந்த மலர்களில் எங்குமே இல்லை. எழுதியவர்களின் தாய்மார்களும் பாட்டிமார்களும் அந்தப் படலைத் தாண்டி நடந்தவர்கள்தாம். தெரியாமல் விட்டதாக நான் நம்பவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதற்குப் பயம், கூச்சம், மறதி என்று பல காரணங்கள் சொல்லலாம். அலமாரியை நிதானமாகப் புரட்டிய பிறகு எனக்குப் பட்ட காரணம் பணம். முந்நூறு படி அச்சிடுகிறவர் அந்தச் செலவை எங்கிருந்தாவது மீட்டாக வேண்டும். நம் ஊர்களில் அதற்கு ஒரே வழி நூல் வெளியீடுதான். மண்டபம் பிடித்து, தலைமை தாங்க ஒருவர், வெளியிட ஒருவர், முதல் நூலைப் பெற்றுக்கொள்ள ஒருவர் என்று அழைப்பிதழ் போட்டு, முதல் நூல் பெறுபவர் உறையில் வைத்துத் தரும் ஐந்நூறோ ஆயிரமோ வெள்ளியும், அவரைப் பின்பற்றி வரிசையில் வருகிறவர்கள் தரும் ஐம்பதும் நூறும் சேர்ந்துதான் அச்சகக் கணக்கைத் தீர்க்கின்றன. நூலின் விலை பதினைந்து வெள்ளி என்று பின்னட்டையில் போட்டிருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இந்த ஏற்பாட்டில் எழுத்தாளர் எழுத உட்காரும்போதே, அவர் அறிந்தோ அறியாமலோ, மேடையில் பத்து நிமிடம் புகழ்ந்து பேசத் தக்க பொருளைத்தான் தேர்ந்தெடுக்கிறார். கோயிலைப் பற்றி எந்தப் பிரமுகரும் பேசுவார். பள்ளியைப் பற்றியும் பேசுவார். சோற்றுப் பொட்டலம் சோதிக்கப்பட்ட கதைக்கு மாலை போட்டுக்கொண்டு முதல் நூலைப் பெறுவது அவருக்குச் சங்கடம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மலர்கள் இல்லாவிட்டால், செம்பனை நடுவதற்காகத் தரைமட்டமாக்கப்பட்ட எத்தனையோ லயங்களின் பெயர்கள்கூட நமக்கு மிஞ்சியிருக்கா. நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் தோட்டப்புறத்து ஆட்களின் கதைகளுக்கு இடம் தந்த காலத்தில் எழுதுகிறவருக்கு அச்சுச் செலவு என்ற கவலையே இல்லை. தபால்தலைச் செலவு மட்டும்தான். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுபோனபோது அப்படியொரு வாசலும் மூடிக்கொண்டது. அதன்பின் தன் கைக்காசைப் போட்டு அச்சிடுவது என்பது முன்பைவிட அதிகமானோருக்கு ஒரே வழியாகிவிட்டது.

இந்த அச்சகத்தின் சிறு எண்ணிக்கைச் சேவையின் பொருள் இப்போது விளங்கும். ஆஃப்செட் முறையில் பக்கங்களுக்குத் தகடு எடுத்தாக வேண்டும். அந்தத் தகட்டுச் செலவு முப்பது படிக்கும் மூவாயிரம் படிக்கும் ஒன்றே என்பதால், எண்ணிக்கை குறையக் குறையப் படி ஒன்றின் அடக்கவிலை ஏறிக்கொண்டே போகும். டிஜிட்டல் இயந்திரத்தில் தகடு கிடையாது; முதல் படிக்கும் முப்பதாவது படிக்கும் ஒரே விலை. தொழில்நுட்பம் புதிதன்று, பெரிய நகரங்களில் எப்போதோ வந்துவிட்டது. தோட்ட நகரம் ஒன்றில் தமிழ் தெரிந்த ஒருவர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் புதிது.

எண்ணிக்கையை முடிவு செய்ய உரிமையாளர் கையாளும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எத்தனை படி வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "யார் யாரு கண்டிப்பா படிப்பாங்கன்னு பேர் எழுதுங்க அண்ணே. அதுக்கு மேல ஒரு அஞ்சு சேர்த்துப் போட்டுக்கலாம்" என்கிறார். வாங்குவார்கள் என்பதோ வருவார்கள் என்பதோ கணக்கில் இல்லை. படிப்பவர்களை மட்டும் எழுதச் சொல்கிறார். என் தாளில் தொடக்கத்தில் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் ஒரு கூட்டுறவுச் சங்கத் தலைவரும் இருந்தார்கள். அந்தப் பெயர்களை அடித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியவர்கள் எல்லாரும் எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு என் கையெழுத்துப் படியிலிருந்து முன்னுரையையும் வாழ்த்துரைகளையும் எடுத்துவிட்டேன். ஆயாக் கொட்டகை என்றால் என்ன என்று அந்த முப்பது பேருக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. விடிவதற்கு முன் பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிலில் போட்டுவிட்டு, காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்கு ஓடியவர்கள் அவர்கள். அல்லது அந்தத் தொட்டிலில் கிடந்தவர்கள்.

அலமாரியின் கீழ்த் தட்டில் இருப்பவை இப்படிச் சிறு எண்ணிக்கையில் அச்சானவை. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையில் உள்ள பொருள் வேறுபாடு வெளிப்படையானது. ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர், ரப்பர் பால் நிறுக்கும் வேலையைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஒவ்வொருவர் கொண்டுவரும் பாலிலும் சிறிது எடுத்து, தண்ணீர் கலந்து, அதில் மெட்ரோலாக் என்ற அளவுகருவியை மிதக்கவிட்டு அளவைப் பார்ப்பார்கள். ரப்பர் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால், சத்து அதிகமுள்ள பாலில் அந்தக் கருவி ஆழமாக இறங்கும். அந்த எண்ணை வைத்துத்தான் காய்ந்த ரப்பரின் எடை கணக்கிடப்பட்டு, கூலிப் பதிவேடான செக்ரோலில் ஏறி, சம்பளமாகத் திரும்பி வரும். எண்ணைப் பார்த்தது கிராணி, எழுதியது கிராணி, வாளியோடு வரிசையில் நின்றவருக்கு அது என்ன எண் என்றே தெரியாது என்பதை அவர் எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதிச் செல்கிறார். எந்தெந்தக் காரணங்களுக்காக அந்த எண் சற்றுக் கூடவும் குறையவும் எழுதப்பட்டது என்றும் ஓர் அத்தியாயம் உண்டு. நூல் வெளியீட்டு மேடைக்கு இதைக் கொண்டுபோயிருக்க முடியாது.

இன்னொரு நூல், பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் கோடு இறங்க வேண்டும், பட்டையைத் தாண்டிக் கத்தி உள்ளே பட்டால் மரத்தில் காயம் விழுந்து புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், அப்புறம் அந்தப் பக்கத்தில் கோடே போட முடியாது என்பது போன்ற வேலை நுணுக்கங்கள் அதில் கைப்பழக்கத்தின் வேகத்தோடு வருகின்றன. ஈரப்பட்டையில் வெட்ட முடியாததால் விடியற்காலை மழையைக் கண்டால் அன்றைய கூலி போயிற்று என்ற கவலையும், வீட்டில் இன்னும் சற்றுப் படுத்திருக்கலாம் என்ற ஆசையும் ஒரே நேரத்தில் வரும் என்று அவர் சொல்லியிருக்கும் இடத்தை, எத்தனையோ தோட்டத்துக் கதைகளைப் படித்திருக்கும் நான் வேறெங்கும் படித்ததாக நினைவில்லை. மூன்றாவதாக, குடியுரிமை பெறாதவர்கள் வைத்திருந்த சிவப்பு அடையாள அட்டையைப் பற்றி ஒரு பெண்மணி எழுதிய நூல். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஒரே லயத்தில் அண்ணன் குடும்பம் தங்கிவிட, தம்பி குடும்பம் பினாங்கில் ராஜூலா கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போன கதை அது. போனவர்கள் பிறகு எழுதிய கடிதங்களுக்கு இங்கிருந்தவர்கள் ஏன் பதில் போடவில்லை என்பதுதான் நூலின் மையம். குடும்பத்திற்குள் மட்டும் கொடுக்க இருபத்தைந்து படி அச்சிட்டார்களாம்.

இவற்றையெல்லாம் சிறந்த இலக்கியம் என்று சொல்லவரவில்லை. செப்பம் செய்ய ஆளில்லாததால் சொன்னதையே மூன்று இடத்தில் சொல்கிறார்கள். முப்பது பேருக்கு மட்டும் எழுதுவதில் உள்ள வசதியே தீங்காகவும் முடிகிறது. பட்டப்பெயர்களை மட்டும் போட்டு ஆண்டைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள், இருபது ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது. இருந்தும், எழுதுகிறவர் தனக்கு நன்றாகத் தெரிந்ததையும் தன்னை உறுத்திக்கொண்டிருப்பதையும் பொருளாக எடுத்துக்கொள்ளும் துணிவு கீழ்த் தட்டில்தான் இருக்கிறது. உறை தருகிறவர் ஒருவரை மனத்தில் வைத்து எழுத வேண்டியதில்லை என்ற விடுதலை அது.

தட்டச்சு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அச்சகத்தின் சிறந்த பகுதி அதுவே. அக்கா தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் காண்டா, மங்கு, கோட்டுப்பால் போன்ற தோட்டச் சொற்களை எழுத்துப்பிழை என்று எண்ணித் திருத்துவதில்லை. வேறோர் ஊரிலுள்ள அச்சகத்தில் கொடுத்திருந்த நண்பருக்கு அந்த அனுபவம் நேர்ந்தது. பழைய தலைமுறையின் கையெழுத்தையும் அக்காவால் படிக்க முடிகிறது. தமிழக அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் படித்தவர்கள் இன்றும் லை, னை, ணை ஆகியவற்றைத் துதிக்கை வைத்துத்தான் எழுதுவார்கள். றா, னா, ணா ஆகியவற்றைச் சுழித்து ஒரே எழுத்தாக எழுதுவார்கள். என் தாயார் சொல்லி வைத்திருந்த குறிப்பேடு முழுவதும் அப்படித்தான். ஓரிடத்தில்கூட அக்கா தடுமாறவில்லை. தட்டச்சு செய்துகொண்டே படிப்பதால், எங்கே கதை அறுந்துபோகிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. என் பிரதியில், தொட்டிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு குழந்தையைப் பற்றி எழுதிவிட்டு அதன் பிறகு என்னவாயிற்று என்று சொல்லாமல் விட்டிருந்தேன். "அந்தப் பிள்ள என்னாச்சு அண்ணே?" என்று கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்டார். உயிரோடு இருக்கும் ஒருவரைக் குறை சொல்லும் இடம் வந்தால் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பதும் அவர் வழக்கம். அதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. தினமும் அந்த ஆட்களைச் சந்தையில் பார்க்க வேண்டியவர் அவர்.

பக்க அமைப்பில் அந்த நேர்த்தி இல்லை. நூலின் ஒரு பகுதியை நான் பழைய குறியீட்டு எழுத்துரு ஒன்றில் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அதை யூனிகோடுக்கு மாற்றியதில் ஸ்ரீயும் மேற்கோள் குறிகளும் சிதைந்தன. பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் தமிழுக்கு உரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதால் முதல் மெய்ப்பில் ஒற்றைக் கொம்புகள் எல்லாம் எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்றன. சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள்; ஆனால் அத்தியாயத் தலைப்புகளில் மட்டும் அதே தவறு இறுதிப் படிவரை தங்கிவிட்டது. ஒற்று மிகும் இடங்களை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மெய்ப்புகள் இலவசம், மூன்றாவதற்கு இருபது வெள்ளி. எனவே முதல் மெய்ப்பிலேயே இலக்கணம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கட்டமைப்பு சுமார். ஏ5 அளவில் 96 பக்கம். நூலின் முதுகுக்கு இணையாகத் தாளின் நார் ஓட வேண்டும் என்பது கட்டுமானத்தின் பாலபாடம். இங்கே கைக்குக் கிடைத்த தாளைக் குறுக்கே வெட்டியிருப்பதால், விரித்து வைத்தால் நூல் தானாக மூடிக்கொள்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் மை அப்பியதுபோல் இருண்டு வந்திருக்கின்றன. கொட்டகையின் முன் பிள்ளைகளோடு ஆயாக்கள் நிற்கும் ஒரே படத்தில் முகங்கள் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். விலையில் குறை சொல்ல முடியாது: கையெழுத்துப் படிக்குப் பக்கத்துக்கு நான்கு வெள்ளி தட்டச்சுக் கூலி, அட்டையும் பக்க அமைப்பும் 150 வெள்ளி, அச்சிட்டுக் கட்டிய நூல் படி ஒன்றுக்கு 11 வெள்ளி. வெளியீட்டு மண்டபத்துக்கு வாடகை தரும் பணத்தில் நூலே வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் அச்சகத்தின் மேல் எனக்குக் கோபமே உண்டு. நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் சொல்கிறது. நூலின் பன்னாட்டு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணையும் அந்த நூலகமே வழங்குகிறது. கீழ்த் தட்டு நூல்களில் பெரும்பாலானவற்றில் அந்த எண் இல்லை. வாடிக்கையாளர்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. முப்பதில் ஐந்து என்பது பெரிய பங்குதான், மறுக்கவில்லை. ஆனால் மெட்ரோலாக் நூலின் படிகள் அந்தக் கிராணியின் உறவினர் வீடுகளில் கறையான் அரித்தால், அப்படியொரு நூல் இருந்தது என்பதற்குச் சான்று இந்த அலமாரி மட்டும்தான். அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் நூலில் இருக்க வேண்டும் என்ற சட்ட விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். எழுத்தாளர்களே கேட்டு எண் வாங்கிக்கொள்ள வேண்டும்; கேட்டால் விண்ணப்பத்தை நிரப்பித் தர அக்கா மறுப்பதில்லை.

வண்ணப் படங்கள் நிறைந்த கும்பாபிஷேக மலருக்கோ, ஐந்நூறு படி தேவைப்படும் பள்ளி மலருக்கோ இங்கே போக வேண்டாம்; ஈப்போவில் அதைவிட நன்றாகவும் மலிவாகவும் செய்வார்கள். எழுதி முடித்துவிட்டு, இதை யார் போய் அச்சிடுவார்கள் என்று பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கு உரிய கடை இது. தை, ஆவணி முகூர்த்தங்களின்போதும் ஆடித் திருவிழாக் காலத்திலும் பத்திரிகை வேலை குவிந்து நூல்கள் ஓரம் கட்டப்படுவதால் அம்மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். கையெழுத்துப் படியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிக்கு வரி இடம் விட்டு எழுதிக் கொண்டுபோனால் தட்டச்சுக் கூலியில் பேரம் பேசலாம். புகைப்படங்களை மட்டும் வெளியில் நல்ல முறையில் ஸ்கேன் செய்து விரலியில் (பென்டிரைவில்) போட்டுக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது. மற்ற நாள்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால்தான் அக்கா உட்கார்ந்து பேசுவார்.